பூவா தலையாவில் வந்த சதுப்பு

கடலோரக் கனவு நகரங்கள் – தொடர் 9

சென்ற வாரம் பிரான்சின் தென்கரையில், 1966இல் பிரான்சுவா ஸ்போரி என்ற கட்டடக் கலைஞர் சதுப்பைத் தோண்டி எழுப்பத் தொடங்கிய போர் கிரிமோவைச் சுற்றி வந்தோம். வாசலில் படகைக் கட்டிக்கொண்டு குடியிருக்க ஆசைப்பட்டவர்களுக்காக, அதே ஆசை கொண்ட ஒருவர் கட்டிய ஊர் அது. அவருக்கு அறுபது ஆண்டு முன்பே அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு சிகரெட் வியாபாரி இதைச் செய்து பார்த்துவிட்டார். பெயர் அபட் கின்னி. ஊர், லாஸ் ஏஞ்சலிஸுக்கு மேற்கே பசிபிக் கரையிலுள்ள வெனிஸ். 1905இல் கோலாகலமாகத் திறந்த அந்த ஊரின் முக்கியக் கால்வாய்களை 1929இல் லாரி லாரியாக மண் கொட்டி மூடினார்கள். ஒரு தலைமுறைகூட முழுசாக ஓடவில்லை.

கின்னி 1850இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். குடும்பத்துக்கு நியூயார்க்கில் புகையிலை வியாபாரம். ‘ஸ்வீட் கேப்போரல்’ என்ற சிகரெட் அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுக்கப் புகைந்தது, அது கின்னி சகோதரர்களுடையதுதான். துருக்கிப் புகையிலை வாங்க எகிப்து, மாசிடோனியா என்று அலைந்தவர் அபட். ஊருக்கெல்லாம் புகை விற்றவருக்கு வாய்த்த வியாதி ஆஸ்துமா.

1880இல் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார். மலையடிவாரத்தில் சியரா மாட்ரே வில்லா என்ற விடுதி. அறை காலி இல்லையாம், பில்லியர்ட்ஸ் மேசைமேல் படுக்கச் சொன்னார்களாம், காலையில் எழுந்தபோது மூச்சு சீராக இருந்ததாம். கின்னியைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இந்தக் கதையை விடுவதில்லை. எவ்வளவு உண்மையோ, அவர் அங்கேயே நிலம் வாங்கித் தோட்டம் போட்டுத் தங்கிவிட்டார் என்பது நிச்சயம்.

அவரை வெறும் நில வியாபாரி என்று ஒதுக்க முடியாது. எழுத்தாளர் ஹெலன் ஹன்ட் ஜாக்சனோடு சேர்ந்து, தெற்குக் கலிபோர்னியப் பூர்வகுடிகள் நிலத்திலிருந்து விரட்டப்படும் அவலத்தைப் பற்றி 1883இல் அமெரிக்க அரசுக்கு அறிக்கை கொடுத்தார். காட்டு வாரியத்தின் தலைவராக இருந்து, 1887இல் சான்டா மானிகாவில் ஒரு வன ஆராய்ச்சி நிலையம் வரக் காரணமானார். யூகலிப்டஸ்மேல் அவருக்குப் பைத்தியம். நம் நீலகிரியை நிறைத்த அதே தைல மரத்தைப் பற்றி 1895இல் தனிப் புத்தகமே எழுதினார். மலையில் மரம் நின்றால்தான் சமவெளியில் தண்ணீர் என்று மேடைக்கு மேடை பேசியவர். அப்படிப்பட்டவர் ஒரு சதுப்பைத் தோண்டிப் போட்டதை இன்றைய சூழலியலாளர்கள் மன்னிக்க மாட்டார்கள். அன்றைக்குச் சதுப்பு என்பது கொசுவும் சேறும் கிடக்கும் வீண் நிலம், அவ்வளவுதான்.

அந்த நிலம் அவர் கைக்கு வந்த விதம் வேடிக்கையானது. 1891இல் பிரான்சிஸ் ரயன் என்ற கூட்டாளியோடு சான்டா மானிகாவுக்குத் தெற்கே ஒன்றரை மைல் கடற்கரையை வாங்கினார். வட பகுதியைத் திருத்தி ஓஷன் பார்க் என்ற உல்லாச ஊராக்கினார்கள். 1898இல் ரயன் இறந்துபோக, அவர் பங்கு கைமாறிப் புதுக் கூட்டாளிகள் உள்ளே வந்தார்கள். ஒத்துப்போகவில்லை. 1904 ஜனவரியில் சொத்தைப் பிரிக்க உட்கார்ந்தபோது யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்பதற்குப் பூவா தலையா போட்டார்கள். கின்னி ஜெயித்தார். கடையும் வீடும் கடல் பாலமும் நிற்கிற வடக்கைத்தான் கேட்பார் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவர் தெற்கே கிடந்த சதுப்பை எடுத்துக்கொண்டார். ‘கின்னியின் கிறுக்கு’ என்று ஊர் பேசியது.

அது பலோனா கழிமுகத்தின் ஓரம். லாஸ் ஏஞ்சலிஸ் ஆறே ஒரு காலத்தில் அந்த வழியாகத்தான் கடலில் கலந்தது. 1825 வெள்ளத்தில் ஆறு திசை மாறித் தெற்கே சான் பெட்ரோ பக்கம் போய்விட, இங்கே ஓடையும் நாணலும் உப்பங்கழியும் மிஞ்சின. டோங்வா மக்கள் தலைமுறை தலைமுறையாக மீனும் சிப்பியும் எடுத்த இடம். பூர்வகுடிகளுக்காக அறிக்கை எழுதிய மனிதர் இந்த மண்ணில் கைவைக்கும்போது அவர்களை நினைத்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

இளம் வயதில் ஐரோப்பாவில் படித்தும் திரிந்தும் இத்தாலியைப் பார்த்தவர் கின்னி. அமெரிக்கர்களுக்குப் பணம் வந்துவிட்டது, ரசனை வரவில்லை என்பது அவர் எண்ணம். கடலோரத்தில் ஒரு வெனிஸைக் கட்டி, அங்கே சொற்பொழிவும் சங்கீதமும் நாடகமும் நடத்தினால் ஜனங்கள் மேம்படுவார்கள் என்று நம்பினார். கனவுக்குள் கணக்கும் ஒளிந்திருந்தது. சதுப்பை மனையாக்க வேண்டுமானால் மேடு வேண்டும், மேட்டுக்கு மண் வேண்டும். கால்வாய் வெட்டினால் மண் தானாகக் கிடைக்கிறது. வெட்டிய பள்ளம் அழகு, கொட்டிய மேடு காசு.

கட்டட வேலை நார்மன் மார்ஷ், கிளாரன்ஸ் ரஸல் என்ற இருவரிடம் போனது. வின்ட்வர்ட் அவென்யூ என்ற கடைத்தெரு முழுக்க வளைவுகள் கொண்ட தாழ்வாரம், தூண்களின் தலைப்பில் பெண் முகங்கள். தெருக்கோடியில் ஒரு குளம் போன்ற நீர்த்தேக்கம், அதிலிருந்து விரியும் ஏழு கால்வாய்கள். ஆல்டபெரன், ஆல்டேர், வீனஸ், லயன், கோரல், கப்ரியோ என்று பெயர் வைத்தார்கள். பெரியது கிராண்ட் கெனால். மறுபக்கம் கடலுக்குள் நீளும் பாலம், அதன்மேல் பெரிய அரங்கம், பக்கத்தில் பழைய கப்பல் வடிவத்தில் ஓர் உணவகம். 1905இன் தொடக்கத்தில் அடித்த புயல், பாதி கட்டிய பாலத்தையும் அரங்கத்தையும் அள்ளிக்கொண்டு போயிற்று. கின்னி அசரவில்லை. அலைத் தடுப்புச் சுவர் எழுப்பி, இரவு பகலாக ஆள் வைத்துத் திரும்பக் கட்டினார்.

1905 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தில் திறப்பு விழா. பசிபிக் எலெக்ட்ரிக் டிராம்கள் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டின. சுமார் 40,000 பேர் வந்ததாகச் சொல்கிறார்கள். கோண்டோலாக்களும் இத்தாலிய ஓடக்காரர்களும் வந்திறங்கியிருந்தார்கள். அவர்கள் பாடிக்கொண்டே துடுப்புப் போட, லாஸ் ஏஞ்சலிஸ் குடும்பங்கள் தொப்பியும் குடையுமாக உட்கார்ந்து பவனி வந்தன. கரையோரம் வாடகைக் கூடாரங்கள், அதற்குப் பின்னால் மனைகளுக்கு விலைப் பலகை.

இலக்கியமும் சங்கீதமும் வேகவில்லை. முதல் கோடையில் நடந்த சொற்பொழிவுத் தொடருக்குக் கூட்டம் சேராமல் கை நஷ்டம். 1906இல் பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார் கடல் பாலத்து அரங்கில் நடித்தார். அமெரிக்க நாடக முதலாளிகளின் கூட்டமைப்பு அவருக்குத் தன் அரங்குகளைத் தராமல் கதவடைத்திருந்த சமயம் அது. உலகத்தின் பெரிய நடிகை அலைமேல் கட்டிய கொட்டகையில் நடித்ததற்குக் காரணம் கின்னியின் ரசனையும் அந்தத் தடையும் பாதிப்பாதி.

வந்த ஜனங்கள் கேட்டது வேறு. கின்னி வியாபாரி, புரிந்துகொண்டார். போர்ட்லாந்துப் பொருட்காட்சியில் பிழைப்பு முடிந்த வேடிக்கைக் கடைகளைக் கொண்டுவந்து குளத்தங்கரையில் இறக்கினார். ஒட்டகச் சவாரி வந்தது. சூடான கடல்நீரில் குளிக்கும் பெரிய குளியல் மண்டபம் வந்தது. ஊரைச் சுற்றி ஒரு குட்டி நீராவி ரயில் ஓடியது. 1911இல் குளத்தோரம் ரோலர் கோஸ்டர் எழுந்தது. ஆல் ஜி. பார்ன்ஸ் சர்க்கஸ் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வந்து முகாம் போட்டது. ரசனை வளர்க்க எழுந்த ஊர் ஆறே ஆண்டில் நிரந்தரத் திருவிழாக் கடைத்தெருவாகிவிட்டது. இதில் கின்னியைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. சொற்பொழிவுக்கு வராத கூட்டத்தைத் திட்டிக்கொண்டு கடையைச் சாத்தாமல், அதற்கு வேண்டியதைக் கொடுத்தார்.

1914 ஜனவரியில் இந்த ஊரில் சிறுவர்களுக்கான வண்டிப் பந்தயம் ஒன்று நடந்தது. கீஸ்டோன் கம்பெனி கேமராவோடு போயிற்று. தொளதொள கால்சட்டை, இறுக்கமான கோட்டு, கைத்தடியோடு ஒரு மனிதர் திரும்பத் திரும்ப கேமரா முன்னால் வந்து நின்று பந்தயத்தை மறைத்தார். யாரோ கோமாளி என்று வேடிக்கை பார்த்த கூட்டமும் படத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. சாப்ளினின் நாடோடியை உலகம் திரையில் முதன்முதலாகப் பார்த்தது அந்தச் சில நிமிடப் படத்தில்தான்.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். இத்தாலிய வெனிஸ் ஒரு விரிந்த உப்பங்கழியின் நடுவில் நிற்கிறது. மூன்று வாய்கள் வழியாகக் கடல் நாளுக்கு இருமுறை உள்ளே வந்து வெளியே போகிறது. ஓதம் ஏறி இறங்கும்போது ஊரின் அழுக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது. கின்னியின் வெனிஸில் கடலுக்கும் கால்வாய்க்கும் இருந்த தொடர்பு குழாய்களும், கிராண்ட் கெனால் வழியாகப் பலோனா கழிக்குப் போகும் ஒரு நீண்ட வாயும் மட்டுமே. ஓதம் ஏறும்போது வாய்க்கருகில் உள்ள நீர் உள்ளே தள்ளப்படும், இறங்கும்போது அதே நீர் திரும்பும். கோடியிலிருந்த கால்வாய்களின் தண்ணீர் அதே இடத்தில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்ததே தவிர வெளியேறவில்லை. ஆழம் நாலடிதான். கலிபோர்னியா வெயிலில் நாலடித் தண்ணீர் எவ்வளவு நாள் நல்ல தண்ணீராக இருக்கும்? பாசி படர்ந்தது, வண்டல் தங்கியது, குப்பையும் கழிவும் சேர்ந்தன. 1912இல் மாநிலச் சுகாதார வாரியம் இந்தக் கால்வாய்கள் பொது ஆரோக்கியத்துக்குக் கேடு என்று அறிவித்தது. திறந்து ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது.

துர்நாற்றம் மட்டும் ஓர் ஊரின் கால்வாய்களை ஒழித்துவிடாது. செலவு செய்தால் தூர்வாரலாம், வாயை அகலப்படுத்தலாம். அந்தச் செலவைச் செய்ய யாருக்கும் அவசியம் இல்லை என்பதுதான் அடிப்படைக் கோளாறு. போர் கிரிமோவில் கால்வாய் மூடினால் அத்தனை வீட்டுக்காரர்களின் படகும் சேற்றில் உட்காரும், அதனால் அவர்கள் விடமாட்டார்கள். இங்கே குடியிருந்தவர் யாரும் வேலைக்கோ கடைக்கோ படகில் போகவில்லை. டிராமில் வந்து டிராமில் போனார்கள். கால்வாய் மனை விற்க உதவிய அலங்காரம். மனை விற்று முடிந்ததும் அது பராமரிக்க வேண்டிய பாரமாயிற்று.

அதன்மேல் கார் வந்தது. மனைகளுக்கு முன்பக்கம் தண்ணீர், பின்பக்கம் ஒடுக்கமான சந்து. காரை எங்கே நிறுத்துவது? 1920களில் வார இறுதிக்கு வந்தவர்கள் காரில் வந்தார்கள், இடம் கிடைக்காமல் வேறு கடற்கரைக்குப் போனார்கள். கால்வாயைத் தூர்த்துச் சாலையாக்குங்கள் என்று கடைக்காரர்கள் கிளம்பினார்கள்.

கின்னி அதைப் பார்க்க இல்லை. 1920 நவம்பர் 4 அன்று காலமானார். அடுத்த மாதமே கடல் பாலம் தீப்பிடித்து எரிந்தது. மகன் தார்ன்டன் மறுபடி கட்டினார். அதற்குள் ஊர் நிர்வாகம் சந்தி சிரித்தது. சாலை சரியில்லை, சாக்கடை சரியில்லை, வரி மட்டும் ஏறிற்று. 1925இல் ஜனங்கள் வாக்களித்து லாஸ் ஏஞ்சலிஸோடு இணைந்தார்கள்.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. கின்னியின் கார் ஓட்டுநர் இர்விங் டேபர், லூசியானாவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். கடல் பாலத்தில் கூட்டிப் பெருக்கும் வேலையில் தொடங்கி, முதலாளியின் நம்பிக்கைக்குரியவரானவர். கின்னி குடும்பம் கிராண்ட் கெனால் கரையில் வாழ்ந்த வீடு பின்னாளில் டேபருக்கு வந்து சேர்ந்தது. வீடு அவருடையது, ஆனால் அதில் அவர் குடியிருக்க முடியாது. கால்வாய்க்கரை வெள்ளையருக்கு மட்டும் என்பது அக்கம்பக்கத்தின் சட்டம். கிரயப் பத்திரங்களில் இப்படி நிபந்தனை எழுதுவது அன்று அமெரிக்கா முழுக்க நடைமுறை. டேபர் வழக்காடவில்லை, விற்கவும் இல்லை. வீட்டைத் துண்டு துண்டாக அறுத்து, கறுப்பர்கள் நிலம் வாங்க முடிந்த ஓக்வுட் பகுதிக்கு இழுத்துக்கொண்டுபோய்ப் பொருத்தினார். சிக்ஸ்த் அவென்யூவில் அந்த வீடு இன்றும் நிற்கிறது. கால்வாய்க்கரையில் அது இருந்த காலத்தைவிட ஓக்வுட்டில் நிற்கும் காலம்தான் பல மடங்கு அதிகம். வெனிஸ் போகிறவர்கள் கால்வாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், நாலு தெரு தள்ளி இதையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கால்வாயை மூடுவதை எதிர்த்துக் கரைவாசிகள் நீதிமன்றம் போனார்கள். நீர்வழியாகவே வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஊருக்கு விட்டுக்கொடுத்தது, அதைச் சாலையாக்க என்ன உரிமை, அதற்கான செலவையும் எங்கள் தலையில் கட்டுவதா என்று வாதாடினார்கள். சில ஆண்டு இழுத்து, கடைசியில் நகரத்தின் பக்கம் தீர்ப்பாயிற்று. 1929இல் மண் லாரிகள் வரிசை கட்டின. ஆண்டு முடிவதற்குள் கின்னியின் ஏழு கால்வாயில் பெரும்பாலானவை காணாமல் போயின. இன்று கோரல் கால்வாய் மெயின் ஸ்ட்ரீட். ஆல்டபெரன், மார்க்கெட் ஸ்ட்ரீட். வீனஸ், சான் யுவான் அவென்யூ. கோண்டோலா புறப்பட்ட குளம் வின்ட்வர்ட் ரவுண்டானா, கார்கள் அதைச் சுற்றுகின்றன. கிராண்ட் பூலவார்டில் நடந்தால் ஊரின் மற்றத் தெருக்களுக்குப் பொருந்தாத அகலம் தெரியும். காலுக்குக் கீழே கிராண்ட் கெனால்.

மூடி முடித்த அதே டிசம்பரில் தெற்குக் கடலோரத்தில் எண்ணெய் கிடைத்தது. சொற்ப காலத்தில் வீட்டுக் கொல்லைகளில் எல்லாம் நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கோபுரங்கள் முளைத்தன. மிஞ்சியிருந்த தண்ணீரிலும் எண்ணெய்ப் படலம்.

மிஞ்சியது எப்படி? தெற்கே வேறு மனை வியாபாரிகள் கின்னியைப் பார்த்து வெட்டிய இன்னொரு கால்வாய்த் தொகுதி இருந்தது. கேரல், லினி, ஹௌலண்ட், ஷெர்மன் என்று நான்கு இணைக் கால்வாய்கள், அவற்றைச் சேர்க்கும் ஈஸ்டர்ன், கிராண்ட் கெனாலின் கீழ்ப்பகுதி. மனைகள் பாதி காலி, குடியிருந்தவர்கள் கையில் காசில்லை. மூடும் செலவை அவர்களிடம் வசூலிக்க வழியில்லாததால் மண் லாரி அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்தாற்போல் பெருமந்தம் வந்து எல்லாத் திட்டத்தையும் நிறுத்தியது. இன்று உலகத்துச் சுற்றுலாக்காரர்கள் படமெடுக்கும் ஆறு கால்வாய்களையும் காப்பாற்றியது ஏழ்மை. 1940களில் நடைபாதைகள் இடிந்து, ஆபத்து என்று அடைத்துவிட்டார்கள். 1946இல் கடல் பாலத்தின் குத்தகையைப் புதுப்பிக்க நகரம் மறுத்துவிட, அதையும் பிரித்துப் போட்டார்கள்.

அந்த இடிபாட்டுக் காலத்தில் இங்கே குடியிருந்தவர் ரே பிராட்பரி. கரையில் சரிந்து கிடந்த ரோலர் கோஸ்டர் எலும்புக்கூட்டைப் பார்த்துத்தான் ‘தி ஃபாக் ஹார்ன்’ கதையின் கடல் மிருகம் அவருக்குத் தோன்றியது. 1985இல் வந்த அவருடைய துப்பறியும் நாவலில், கால்வாய்க்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய சர்க்கஸ் சிங்கக் கூண்டுக்குள் பிணம் கிடக்கும். ஆர்சன் வெல்ஸ் 1958இல் வெளிவந்த ‘டச் ஆஃப் ஈவில்’ படத்துக்கு மெக்சிகோ எல்லையூர் தேடியபோது வின்ட்வர்ட் தாழ்வாரமே போதும் என்று முடிவு செய்தார். இத்தாலியைப் போலச் செய்த தெரு, அழுக்கேறி மெக்சிகோ வேஷத்துக்குப் பொருந்திவிட்டது. வாடகை மலிவு என்று கவிஞர்களும் ஓவியர்களும் வந்து குடியேறினார்கள், அவர்களுக்குப் பின்னால் ஹிப்பிகள்.

மனம் மாறியது மெதுவாக. 1982இல் எஞ்சிய கால்வாய்கள் தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் ஏறின. 1992இல் நீரை வடித்து, வண்டலை அள்ளி, கரையைச் செடி வளரும் கான்கிரீட் கட்டைகளால் கட்டி, நடைபாதை போட்டு, 1993இல் திறந்தார்கள். செலவில் ஒரு பங்கைக் கரைவாசிகளே ஏற்றார்கள். அதற்குள் அவர்கள் பழைய ஏழைகளாக இல்லை. இன்று அந்த ஒடுக்கமான மனைகளில் ஒரு வீடு வாங்கப் பல மில்லியன் டாலர் வேண்டும்.

போகிறவர்கள் காலையில் போங்கள், வெயில் ஏறினால் நிழல் குறைவு. வளைந்த சின்னப் பாலங்களில் ஏறி இறங்கினால் ஒரு மணி நேரத்தில் ஆறையும் பார்த்துவிடலாம். வீட்டு வாசல்களில் துடுப்புப் படகுகளும் காயாக்குகளும் கட்டிக் கிடக்கும், வாத்துகள் வழிவிடாது. தண்ணீர் இப்போது நாறுவதில்லை. தெற்கே உள்ள மதகுகளைத் திறந்து மூடி ஓதத்தோடு நீரை மாற்றுகிறார்கள். கின்னி காலத்தில் சரிவர நடக்காத காரியம் இதுதான். கால்வாய்களிலிருந்து தெற்கே கிராண்ட் கெனால் கரையோடு நடந்தால் பலோனா கழியைக் கடந்து, ஆயிரக்கணக்கான பாய்மரங்கள் நிற்கும் ஒரு பெரிய படகுத்துறையில் போய் முட்டும். அது மரீனா டெல் ரே. அதே சதுப்பின் மிச்சத்தைத் தோண்டி 1965இல் திறந்து வைத்தார்கள். இந்த முறை தோண்டியது அரசாங்கம், வெட்டிய ஆழம் படகுகளுக்காகவே. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அலைகள் உள்ளே புகுந்து கட்டிய படகுகளைச் சிதறடித்த கதையோடு அடுத்த வாரம் அங்கே இறங்குவோம்.

(தொடரும்)